காவிரிப் படுகையில் முன்னோரைத் தேட எந்த ஆவணத்தில் தொடங்குவது?

தாத்தாவுக்கு அப்பா பெயர் வரைக்கும் வீட்டில் சொல்லிவிடுவார்கள். அதற்கு மேலே கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. சரி, தேடிப் பார்ப்போம் என்று இறங்கினால் ஆளுக்கு ஒரு வழி சொல்வார்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போ என்பார் ஒருவர். ரிஜிஸ்தர் ஆபீஸில் வில்லங்கம் போட்டுப் பார் என்பார் இன்னொருவர். குலதெய்வக் கோயில் பூசாரியைக் கேள், கப்பல் பட்டியலைப் பார், வெள்ளைக்காரன் காலத்து டைரக்டரியைப் புரட்டு என்று யோசனைகள் நீளும். எல்லாமே நல்ல யோசனைகள்தான். ஆனால் வெளியூரில் வேலை பார்க்கிறவருக்குக் கிடைப்பது நாலைந்து நாள் விடுப்பு. அதில் எந்த வாசலில் முதலில் போய் நிற்பது?

இதற்கு ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளச் சொல்வேன். உங்கள் முன்னோர் நிலத்துக்கு என்ன முறை? மிராசுதாரா, சொற்பப் பட்டாதாரா, குத்தகைக்காரரா, கோயில் மானியம் அனுபவித்தவரா, பண்ணையாளா, கப்பல் ஏறிப் போனவரா? டெல்டாவில் நூறு வருஷத்துக்கு முன்பு யார் பெயர் எந்தக் காகிதத்தில் ஏறியது என்பதை முக்கால்வாசி தீர்மானித்தது இதுதான். பெரிய காப்பகம் என்பதற்காகப் போய் நின்றால், உங்கள் ஆள் அங்கே இல்லாமலே போகலாம்.

முதலில் பலன் குறைந்தவற்றைக் கழித்துவிடலாம். சென்னையிலிருந்து வருஷாவருஷம் வெளிவந்த பழைய டைரக்டரிகளும் பஞ்சாங்கக் கையேடுகளும் இப்போது இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. அவற்றில் இருப்பவர்கள் துரைமார், அரசு அலுவலர்கள், வக்கீல்கள், பெரிய வியாபாரிகள், ஜமீன்தார்கள். நன்னிலத்தில் நாலு மா நிலம் வைத்திருந்தவருக்கு அங்கே இடமில்லை. தாத்தா தாசில்தாராகவோ வக்கீலாகவோ ரயில்வேயில் அதிகாரியாகவோ இருந்திருந்தால் மட்டும் புரட்டுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இதே கதை. வேறு நாடுகளில் பழைய கணக்கெடுப்புத் தாள்களை வீடுவாரியாகப் பெயரோடு திறந்துவிடுகிறார்கள். இங்கே வெளியானவை கிராமவாரியான எண்ணிக்கைகள்தான், ஆள் பெயர் கிடையாது.

டைரக்டரி, கெசட்டியர் (அரசு வெளியிட்ட ஜில்லா விவர நூல்) வகையறாவில் ஒரு பயன் உண்டு. ஊர் எந்தத் தாலூகாவில் இருந்தது என்று அவை சொல்லும். 1906ஆம் ஆண்டு கெசட்டியர் காலத்தில் தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தவை ஒன்பதே தாலூகாக்கள்: தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், சீர்காழி, நன்னிலம், நாகப்பட்டினம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை. நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991இல், திருவாரூர் 1997இல், மயிலாடுதுறை 2020இல். இன்றைய குடவாசல் வட்டத்துக் கிராமத்தைப் பழைய காகிதத்தில் குடவாசல் என்று தேடினால் கிடைக்காது. நன்னிலம் தாலூகா என்றோ கும்பகோணம் தாலூகா என்றோ இருக்கும். எந்த வாசலுக்குப் போவதானாலும் இந்த வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டுப் போங்கள்.

சரி, குடும்பத்தில் கையளவு நிலமாவது இருந்ததென்றால் என் ஓட்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குத்தான். காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. பதிவுச் சட்டப்படி பத்திரத்தில் எழுதிக்கொடுப்பவரின் தகப்பனார் பெயர், ஊர், தொழில் வர வேண்டும். அதனால் ஒரு பத்திரம் கிடைத்தால் இரண்டு தலைமுறை கைக்கு வந்துவிடும். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தாலோ யோகம்தான். "நம்முடைய பாட்டனார் இன்னார் காலத்தில் சம்பாதித்து, அவர் குமாரர்களாகிய நம் தகப்பனாரும் சிறிய தகப்பனாரும் ஏக குடும்பமாக அனுபவித்து வந்து" என்று அது குடும்பக் கதையையே சொல்லிக்கொண்டு போகும்.

பத்திரத்தில் எல்லாரும் பெயர்களைப் படித்துவிட்டு, சொத்து விவரத்துக்கு வந்ததும் தாண்டிவிடுகிறார்கள். அங்கேதான் நிதானிக்க வேண்டும். "இதற்கு நான்கெல்லை: வாய்க்காலுக்குத் தெற்கு, ராமசாமி நஞ்சைக்கு வடக்கு, கோவிந்தன் பாகத்துக்குக் கிழக்கு" என்பது போல ஒரு வரி இருக்கும். 'பாகம்' என்று போட்டிருந்தால் கோவிந்தன் அநேகமாகப் பங்காளி. அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்ட வயலாகத்தான் அது இருக்கும். சாட்சிகளைப் பாருங்கள், மாமன் மச்சான் பெயர்கள் அங்கே வந்து உட்கார்ந்திருக்கும். கையெழுத்துக்குப் பதிலாக 'கீறல்' என்று இருந்தால் பாட்டனார் எழுதப் படிக்காதவர் என்று தெரிந்துகொள்ளலாம். பரப்பு வேலி, மா, குழிக் கணக்கில் இருக்கும். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. மா என்பது ஏறக்குறைய 33 சென்ட், வேலி ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல்.

நடைமுறையில் இரண்டு சிக்கல்கள். இணையத்தில் வில்லங்கம் பார்க்கலாம் என்றாலும், பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975க்குப் பிந்தைய விவரம்தான் ஏறியிருக்கிறது. நமக்கு வேண்டியது அதற்கு முந்தையது. அதற்கு அலுவலகத்திலேயே மனு போட்டு அட்டவணைப் புத்தகத்தில் தேடச் சொல்ல வேண்டும். ஆள் பெயர்வாரியாக ஒரு அட்டவணை, சொத்துவாரியாக ஒரு அட்டவணை என்று இரண்டு உண்டு. அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் 1ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. உயில்கள் உள்ள 3ஆம் புத்தகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. "சர்வே நம்பர் இருக்கா தம்பி?" என்பதுதான் அங்கே கேட்கும் முதல் கேள்வி. இல்லையென்று தலையைச் சொறிந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். இரண்டாவது சிக்கல், கிராமங்களை ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அவ்வப்போது மாற்றியிருப்பது. உங்கள் ஊர் 1930களில் எந்த அலுவலகத்தோடு இருந்தது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பத்திர எழுத்தர்கள் இதை வாய்ப்பாடாகச் சொல்வார்கள்.

சர்வே எண்ணுக்காக வருவாய்த் துறைப் பக்கம் போகத்தான் வேண்டும். சிட்டா, அடங்கல், அ பதிவேடு என்று பலரும் முதலில் ஓடுவது அங்கேதான், ஏனென்றால் அவை இணையத்தில் சுலபமாகக் கிடைக்கின்றன. வம்சம் தேட அவை மட்டும் போதாது. 1979இல் தொடங்கி 80களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது ஊரில் யூ.டி.ஆர். என்று சொல்கிறார்களே அதில், எண்களும் பட்டாக்களும் புதுசாயின. அதற்குப் பிந்தைய பதிவேட்டில் இருப்பது அன்றைய பட்டாதார் பெயரும் அவர் தகப்பனார் பெயரும்தான். ஆனால் அ பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கு ஒரு பத்தி உண்டு. அந்த எண்தான் சாவி. அதைக் குறித்துக்கொண்டு போனால் ரிஜிஸ்தர் ஆபீஸ் கதவும் திறக்கும், பழைய செட்டில்மென்ட் (நிலவரித் திட்ட) பதிவேடும் பிடிபடும். வருவாய்ப் பதிவை வழிச்செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், போய்ச் சேரும் ஊராக நினைக்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளை, மணியம் எல்லாம் 1980இல் ஒழிக்கப்பட்டு வி.ஏ.ஓ. வந்தார்கள். ஊரில் பழைய கணக்குப்பிள்ளை வீடு எது என்று விசாரித்து, அந்தக் குடும்பத்துப் பெரியவரிடம் மரியாதையாகப் போய் உட்கார்ந்து பேசுங்கள். பரணில் காகிதம் இருக்கிறதோ இல்லையோ, எந்த வயல் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்பது அவர் நினைவில் இருக்க வாய்ப்பு உண்டு.

எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909இலிருந்து இயங்குகிறது. அதன் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் முதல் தேடலுக்கு அங்கே போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். பெரும்பாலானவை அரசாங்கம் தனக்குள் எழுதிக்கொண்ட ஆங்கிலக் கோப்புகள். பெயர் சொல்லித் தேட முடியாது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அது மிகப் பெரிய விதிவிலக்கு. உங்கள் முன்னோர் இனாம், அதாவது வரி இல்லாமலோ குறைந்த வரியிலோ கொடுத்த மானிய நிலம், அனுபவித்தவர் என்றால் நேராக எழும்பூருக்கே போகலாம். 1858இல் அமைந்த இனாம் கமிஷன் ஊர் ஊராக விசாரித்துத் தயாரித்த இனாம் பதிவேட்டில், மானியத்தை முதலில் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவருக்கு இவர் என்ன உறவு என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். 1860களில் ஒருவர் தன் பாட்டன் பெயரைச் சொல்லியிருந்தால் உங்கள் வம்சம் சட்டென்று 1700களுக்குள் போய்விடும். இது குருக்களுக்கும் பட்டாச்சாரியாருக்கும் மட்டுமான சங்கதி என்று நினைத்துவிடக் கூடாது. கோயிலுக்கு நாகஸ்வரம் வாசித்தவர், சதிர் ஆடியவர், தச்சர், குயவர், வண்ணார், நாவிதர் என்று ஊழிய மானியம் பெற்ற எல்லாருக்கும் அதில் இடம் உண்டு. கோயில் திருப்பணியில் பரம்பரையாக இருந்த குடும்பங்கள் இந்த ஒரு பதிவேட்டை விட்டுவிடக் கூடாது.

தஞ்சாவூர் அரண்மனை, சத்திரங்களில் வேலை பார்த்த குடும்பமென்றால் சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ள மோடி எழுத்து (மராத்தியைக் கூட்டெழுத்தாக எழுதிய பழைய முறை) ஆவணங்களும் ஒரு வழி. மோடி படிக்கத் தெரிந்தவர் துணை வேண்டும். மற்றவர்களுக்கு அதனால் பலன் இல்லை.

இனி, நிலம் இல்லாதவர்கள். டெல்டாவில் வயலில் இறங்கி உழைத்தவர்களில் பெரும் பகுதி இவர்கள்தான், காகிதத்தில் பெயர் ஏறாதவர்களும் இவர்கள்தான். கிரயப் பத்திரம் எழுத நிலம் இருக்கவில்லை. வரி கட்டாததால் பட்டாவும் இருக்கவில்லை. நிலம் வைத்திருந்தவர்களுக்குச் சொல்லும் யோசனையையே இவர்களுக்கும் சொல்லி அனுப்புவது அநியாயம். இவர்கள் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் விடுப்பைத் தொலைக்க வேண்டாம்.

குத்தகைக் குடும்பமென்றால் 1969 குத்தகை உரிமைப் பதிவேடுச் சட்டத்தின் கீழ் கிராமவாரியாகத் தயாரான பதிவேடுதான் முதல் வாசல், தாலூகா அலுவலகத்தில் கேட்கலாம். நிலக்காரர் பெயர், சாகுபடிதாரர் பெயர், சர்வே எண், பரப்பு எல்லாம் அதில் வரும். நிலம் கோயிலுடையதாகவோ திருவாவடுதுறை, தருமபுரம் போன்ற ஆதீனங்களுடையதாகவோ இருந்தால் தேடல் இன்னும் பின்னால் போகும். கோயில்களும் மடங்களும் குத்தகைக் கேட்பு, வசூல், நிலுவைக் கணக்கைச் சாகுபடிதாரர் பெயரிலேயே எழுதி வந்திருக்கின்றன. அப்பா செத்தபின் மகன் பெயருக்கு மாறிய வருஷம் அதில் தெரியும். அது பொது ஆவணம் மாதிரித் திறந்து கிடக்காது, நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு அனுமதி பெற வேண்டும்.

பண்ணையாளாக இருந்த குடும்பத்துக்கு 1971ஆம் ஆண்டு குடியிருப்பு அனுபவதாரர் சட்டம்தான் திருப்பம். மிராசுதாரர் மனையில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு அந்த மனை சொந்தமானது அப்போதுதான். தெருவே வரிசையாக அந்தச் சட்டத்தின் கீழ் தயாரான கோப்பில் இருக்கும்: யார் யார் பக்கத்து வீடு, யார் மகன் யார் என்று. இதற்கு முந்தைய தலைமுறைக்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள். பையன் பெயர், தகப்பன் பெயர், தொழில், ஊர், எந்த வயதில் படிப்பை நிறுத்தினான் என்பது வரைக்கும் இருக்கும். பிறந்த தேதியை மட்டும் நம்ப வேண்டாம், சேர்க்கும்போது வாத்தியார் கணித்துப் போட்டதாக இருக்கலாம். பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகளும் உண்டு. ஆனால் குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே எழுதியதால் பல வரிகளில் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயரைப் பிடித்துத்தான் தேட வேண்டும்.

உழைப்பாளிக் குடும்பங்களுக்கு இன்னொரு வாசல் கடல் பக்கம் இருக்கிறது. ஊரில் விசாரித்தால் "சின்னப்பாட்டன் கப்பல் ஏறிப் போனார், திரும்பலை" என்று ஒரு கதை வரும். அதை ஒதுக்கிவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். முதல் கப்பலான 'ட்ரூரோ' கிளம்பியதே சென்னைத் துறைமுகத்திலிருந்துதான். அந்தக் கப்பல் பட்டியல்களில் ஒவ்வோர் ஆளுக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலூகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஊரிலேயே தங்கிவிட்ட உங்கள் பாட்டன் பெயர் எந்த அரசாங்கக் காகிதத்திலும் இல்லாமல் இருக்கலாம். அவருடைய தம்பி கப்பல் ஏறியிருந்தால், தம்பிக்கு நேரே எழுதிய தகப்பன் பெயர் உங்கள் பாட்டனுக்கும் தகப்பன் பெயர்தானே! மொரீஷியஸுக்குப் போனவர்கள் பதிவுகள் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன, சிலருக்குப் புகைப்படத்தோடு. ஃபிஜிக்குத் தென்னிந்தியர்கள் போகத் தொடங்கியது 1903இல், அவர்களுக்கும் ஆளுக்கொரு குடியேற்றச் சீட்டு உண்டு. இவற்றில் ஊர்ப் பெயர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. வாய்விட்டுப் படித்தால்தான் நம்மூர் பிடிபடும்.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போனவர்கள் விஷயம் கடினம். கங்காணி (தோட்டத்துக்கு ஆள் திரட்டிய மேஸ்திரி) மூலமாகவும் சொந்தச் செலவிலும் போய் வந்தவர்கள் ஏராளம், நேட்டால் மாதிரி ஆளுக்கு ஒரு வரி இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. அங்கே வீட்டுப் பெட்டிதான் காப்பகம்: பழைய பாஸ்போர்ட், மணியார்டர் ரசீது, 'ரஜூலா' கப்பல் டிக்கெட்.

காரைக்கால் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. 1954 வரை அங்கே பிரெஞ்சு ஆட்சி. பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றுக்கும் தனித்தனிப் பதிவு எழுதி, பெற்றோர் பெயர், வயது, தொழில், சாட்சிகள் வரை குறித்தார்கள். பழைய புத்தகங்களின் படிமங்களைப் பிரான்சில் உள்ள கடல்கடந்த நிலங்களின் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் போட்டிருக்கிறது, வீட்டிலிருந்தே பார்க்கலாம். எல்லைக்கு இந்தப் பக்கம் திருநள்ளாற்றையும் நெடுங்காட்டையும் ஒட்டிய தஞ்சாவூர் ஜில்லா ஊர்களில் இருந்தவர்களும் பெண் கொடுத்து எடுத்த வகையில் அந்தப் பதிவுகளில் வருவார்கள். மொத்தத்தில் டெல்டாவிலேயே வம்சம் தேட இதைவிட நல்ல ஆவணம் நான் அறிந்து கிடையாது.

கிறிஸ்தவக் குடும்பங்கள் யோசிக்கவே வேண்டாம், முதல் வாசல் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு. 1706இல் ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு வந்து இறங்கிய தரங்கம்பாடியில் லுத்தரன் சபையின் பதிவு மரபு மிகப் பழையது. இஸ்லாமியக் குடும்பங்கள் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டைக் கேட்கலாம்.

ஒருவேளை எந்த வகை என்றே தெரியவில்லை என்றால்? அப்போது பங்காளிகள் கூடும் நாளில் குலதெய்வக் கோயிலுக்குப் போங்கள். தலைக்கட்டு வரி எழுதின நோட்டு இருந்தால் பங்காளி வீடுகள் எத்தனை, எந்தெந்த ஊரில் என்பது ஒரே இடத்தில் கிடைக்கும். பெரியவர்கள் வருஷம் சொல்ல மாட்டார்கள், சம்பவம் சொல்வார்கள். அதை வருஷமாக்கிக்கொள்வது நம் வேலை. 'பெருவெள்ளம்' என்றால் 1924. மேட்டூர் திறந்தது 1934. 'புயல் வருஷம்' என்றால் நந்தன கார்த்திகையா, அதாவது 1952 நவம்பரா, இல்லை 1977ஆ என்று கேட்க வேண்டும். மகாமகம் 1921, 1933, 1945, 1956, 1968இல் நடந்தது. "மாமாங்கத்துக்கு முந்தின வருஷம் எங்கப்பாவுக்குக் கல்யாணம்" என்று ஓர் ஆத்தா சொன்னால், அது எந்த மாமாங்கம் என்பதை அவர் வயதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். பழைய காகிதத்தில் பசலி (ஜூலையில் தொடங்கும் வருவாய்த் துறை ஆண்டு) இருந்தால் 590ஐக் கூட்டுங்கள்: 1300ஆம் பசலி 1890 ஜூலையில் தொடங்கியது.

பெயர்களும் வழி காட்டும். டெல்டாவில் சாமி பெயரை வைப்பது ஊரைச் சொல்வது போல. சௌரிராஜன் என்றால் திருக்கண்ணபுரம், தியாகராஜன் என்றால் திருவாரூர், சாரங்கபாணி என்றால் கும்பகோணம், வைத்தியநாதன் என்றால் புள்ளிருக்குவேளூர், அதாவது வைத்தீஸ்வரன்கோயில். இது அத்தாட்சி ஆகாது, ஆனால் எந்த ஊர்ப் பதிவேட்டை முதலில் கேட்பது என்று தடுமாறும்போது கை கொடுக்கும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே பெயர் ஒன்று விட்டு ஒன்று வரும். ஆகவே பெயர் மட்டும் ஒத்துப்போனால் போதாது, தகப்பன் பெயரும் வயலும் ஒத்துப்போக வேண்டும்.

கடைசியாக, ஆச்சிகளைத் தேடுகிறவர்களுக்கு. பட்டாவிலும் குத்தகைக் கணக்கிலும் பெண்கள் அபூர்வம், அங்கே தொடங்கினால் ஆண்வழி மட்டுமே வளரும். சார்பதிவாளர் அலுவலகத்தில் தானப் பத்திரத்தையும் செட்டில்மென்ட் பத்திரத்தையும் தனியாகக் கேளுங்கள். மகளுக்குக் கொடுத்த மஞ்சக்காணி அதில்தான் வரும், அவள் பிறந்த ஊரும் தகப்பன் பெயரும் அதோடு சேர்ந்து வரும். ஜீவனாம்சத்துக்கு எழுதிவைத்த பத்திரங்களில் விதவைகள் பெயர் கிடைக்கும். கப்பல் பட்டியலில் பெண்ணுக்கும் தனி எண், தனி வரி. காரைக்கால் திருமணப் பதிவில் மணமகளின் அப்பா, அம்மா இருவர் பெயரும் உண்டு. ஆகவே அம்மாவழியைத் தேடுகிறவர் நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வரிசையில் போகலாம்: காரைக்கால் தொடர்பு இருந்தால் அது முதலில், இல்லையேல் தானப் பத்திரங்கள், அப்புறம் கப்பல் பட்டியல்.